கொழுந்து மஞ்சளானால் முதலில் தொட்டியைத் தொட்டுப் பாருங்கள்

போன வருஷம் ஜனவரி மூன்றாவது வாரம் என் கறிவேப்பிலைச் செடியின் நுனிக் கொழுந்து மஞ்சளானது. நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தன. நரம்புக்கும் நரம்புக்கும் இடைப்பட்ட இடமெல்லாம் எலுமிச்சம்பழத் தோல் நிறத்துக்கு வந்துவிட்டது. செடிக்கு மேலே புது எல்.இ.டி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதினான்கு மணி நேரம் வெளிச்சம், பத்து மணி நேரம் இருட்டு என்று டைமர் வைத்திருந்தேன். தண்ணீர், உரம் எதிலும் குறை வைக்கவில்லை. அப்படியும் மஞ்சள்.

டொராண்டோ பக்கம் குளிர்காலத்தில் வீட்டுக்குள் விளக்கு வைத்துக் கறிவேப்பிலையும் துளசியும் கீரையும் வளர்க்கிற தமிழர்கள் நிறையப் பேர். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் டிசம்பரில் தொடங்கி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இலை மஞ்சளாகுது, என்ன உரம் போடலாம்?" அந்தக் கேள்விக்கு என் ஒரு செடியிடம் நான் கற்றுக்கொண்டதை விரிவாகச் சொல்கிறேன். முதலில் கையிலிருக்கும் உரப் புட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

நான் ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறேன். மேலே குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருஷமாகத் தன் சமையலறையில் ஒரு கறிவேப்பிலையைக் குளிர் தாண்ட வைத்திருக்கிறார். அதன் பக்கக் கன்று ஒன்றைப் பிரித்து, "இந்தாரும் தம்பி, கறிவேப்பிலைக் கண்டு. கவனமாப் பாரும்" என்று கொடுத்தார். கோடை முழுக்கப் பின்கட்டுப் படியில் வைத்தேன், முழங்கால் உயரம் வளர்ந்தது. செப்டம்பர் கடைசியில் இரவுக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் உள்ளே கொண்டுவந்தேன். சிக்கல் அப்போதிருந்துதான்.

கறிவேப்பிலை எங்கள் பக்கத்து வெயிலில் பிறந்த மரம். அதன் தாவரவியல் பெயரில் வரும் 'கோனிகி' என்பது யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்பவரைக் குறிக்கிறது. லின்னேயஸிடம் படித்தவர், 1768இல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். எனக்கு ஊர் பொறையாறு. அங்கிருந்து தரங்கம்பாடிக் கடற்கரைக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். அந்தப் பெயரை இங்கே ஒரு நாற்றுப் பண்ணைச் சீட்டில் படித்தபோது, பனி கொட்டும் ஊரில் யாரோ என் ஊரைச் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது.

அந்த ஊர் வெயிலுக்கும் இந்த ஊர் வெயிலுக்கும் உள்ள தூரத்தைக் கணக்காகவே சொல்லிவிடலாம். டிசம்பர் 21 அன்று டொராண்டோவில் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேலே 23 டிகிரிதான் ஏறுகிறது. அதே நாளில் தரங்கம்பாடியில் 55 டிகிரிக்கு மேல். இங்கே வருகிற அந்தச் சாய்ந்த வெயிலும் பேஸ்மென்டின் சின்ன ஜன்னல் வழியாக எவ்வளவு உள்ளே வரும்? கைபேசியில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு பார்த்தேன். அறை நடுவில் 300 லக்ஸ். ஊரில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குப் புரிவதில்லை. "நல்ல வெளிச்சமான ரூம்தான்" என்று நாம் சொல்வதைச் செடி ஒப்புக்கொள்ளாது.

ஆகவே விளக்கு வாங்கினேன். பெட்டியில் '1000 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிளக்கில் மாட்டி மின்சாரம் அளக்கும் கருவியில் பார்த்தால் 100 வாட்டுக்கு ஒன்றிரண்டு கூடுதல், அவ்வளவுதான். பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து விளக்கு வாங்காதீர்கள். சுவரிலிருந்து நிஜமாக எத்தனை வாட் இழுக்கிறது, அதில் செடிக்குப் பயன்படும் ஒளி எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்களா, இந்த இரண்டைப் பாருங்கள்.

சரி, மஞ்சளுக்கு வருகிறேன்.

முதலில் நான் செய்தது, எல்லோரும் செய்வதைத்தான். திரவ உரம் ஊற்றினேன். பத்து நாள் பொறுத்தேன். மஞ்சள் கூடியது. இணையத்தில் ஒருவர் மெக்னீசியக் குறை என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றினேன். இலை நுனி கருகத் தொடங்கியது. அடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன். "டேய், புளிச்ச மோரை ஊத்துடா. கறிவேப்பிலைக்கு வேற என்ன வேணும்?" என்றார்.

அம்மா சொன்னது தப்பில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணற்றடி ஓரமாக நிற்கும் கறிவேப்பிலை, மோர்ப் பானை கழுவிய தண்ணீரிலேயே ஓட்டைத் தொட்ட மரம். காரத்தன்மை கூடிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் பூட்டிக் கிடக்கும். புளிப்பு அதைக் கொஞ்சம் திறந்துவிடும். கொல்லை மண்ணில் கோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன, மேலே வெயில் இருக்கிறது, ஊற்றிய மோர் மறுநாளே காய்ந்து மண்ணோடு மண்ணாகிவிடும். பேஸ்மென்டில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் அப்படி நடக்காது. மூன்றாம் நாள் நாற்றம். இரண்டாம் வாரம் மண்ணிலிருந்து கறுப்புக் கறுப்பாகச் சின்னப் பூச்சிகள் பறந்தன. வீட்டுக்குள் வைத்த தொட்டியில் மோர் ஊற்றாதீர்கள். கொல்லையில் நிற்கும் மரத்துக்கு அம்மா சொன்னபடியே ஊற்றுங்கள்.

அந்தப் பூச்சிகளைப் பற்றிச் சொல்லத்தான் அக்காவிடம் போனேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்தார். விளக்கைப் பார்த்தார், இலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு குனிந்து தொட்டியின் அடிப்பக்கத்தில் கையை வைத்தார்.

"தம்பி, உந்த வெளிச்சத்தில குறை ஒண்டும் இல்லை. சாடியைத் தொட்டுப் பாரும். ஐஸ் மாதிரிக் கிடக்கு."

தொட்டேன். உண்மைதான். சமையலறையில் இறைச்சி வெந்ததா என்று பார்க்க வைத்திருந்த வெப்பமானியை மண்ணில் செருகினேன். 13 டிகிரி. அறையின் காற்று 20 டிகிரி. வெளியே மைனஸ் பதினெட்டு. தொட்டி நேராக சிமென்ட் தரைமேல் உட்கார்ந்திருந்தது. தரைக்குக் கீழே குளிர்ந்த பூமி. ஒன்றரை மாதமாக என் செடியின் தலை வெயிலிலும் கால் பனிக்கட்டியிலும் இருந்திருக்கிறது.

குளிர்ந்த, ஈரம் வடியாத மண்ணில் வேர் சோம்பிவிடும். இரும்பை அதனால் உறிஞ்ச முடியாது. மண்ணில் இரும்பு இருக்கும், உரத்தில் இருக்கும், கொழுந்தில் மட்டும் இருக்காது. நான் ஊற்றிய உரமெல்லாம் குடிக்க முடியாதவன் வாயில் திணித்த கஞ்சிபோல மண்ணிலேயே தங்கி, உப்பாகி, இலை நுனியைக் கருக்கியது.

அன்றிரவு இரண்டு அங்குலத் தெர்மாகோல் பலகையை வெட்டித் தொட்டிக்கு அடியில் வைத்தேன். மறுவாரம் நாற்றுகளுக்கென்று விற்கிற சூடேற்றும் பாய் ஒன்று வாங்கி, 24 டிகிரிக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தும் கருவியோடு இணைத்தேன். தேங்கிய உப்பு போக, வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டியின் அளவைப் போல மூன்று மடங்கு ஊற்றி வடியவிட்டேன். உரத்தை அடியோடு நிறுத்தினேன். நான்காவது வாரம் புதுக் கொழுந்து வந்தது, பச்சையாக. ஏற்கெனவே மஞ்சளான இலைகள் முழுதாகத் திரும்பவில்லை. அவை திரும்பும் என்று காத்திருக்கவும் கூடாது. செடி தேறியதா என்பதைப் புது இலையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதற்குப் பிறகுதான் ஒன்று பிடிபட்டது. வெயில் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் பல சமாச்சாரங்கள் சேர்ந்து வருகின்றன. ஒளி வரும், கூடவே சூடு வரும், மண் காயும், இலையில் காற்று அடிக்கும். எல்.இ.டி. அதில் ஒளியை மட்டும் தருகிறது. மீதியெல்லாம் வராமல் நின்றுபோகிறது. விளக்கடியில் செடிக்கு வருகிற நோய்களில் பெரும்பாதி, அந்த வராமல்போன பங்கின் நோய்கள்.

பழைய குண்டு பல்பையோ சோடியம் விளக்கையோ எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றிலிருந்து அகச்சிவப்புக் கதிர் ஏராளமாக வரும், இலையைச் சுட்டே வைத்திருக்கும். வெள்ளை எல்.இ.டி.யிலிருந்து அது அநேகமாக வருவதே இல்லை. (நீல எல்.இ.டி.மேல் மஞ்சள் ஒளிர்பொருள் பூசியதுதான் வெள்ளை எல்.இ.டி. அந்த நீலத்தைச் சாதித்ததற்குத்தான் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.) ஆகவே எல்.இ.டி.க்குக் கீழே இலை குளிர்ந்தே இருக்கும். குளிர்ந்த இலை குறைவாக வியர்க்கும். குறைவாக வியர்த்தால் வேர் குறைவாகவே குடிக்கும். தண்ணீரோடு ஏறவேண்டிய கால்சியமும் ஏறாது. கொழுந்து சுருண்டு, ஓரம் தீய்ந்து வரும். நீங்களோ வெயில் காலக் கணக்கில் இரண்டு நாளுக்கொரு தடவை ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள். மண் காயாது, வேர் அழுகும். இலை தொங்கும். தொங்குகிற இலையைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவீர்கள். விளக்கடிச் செடிகள் சாவது பெரும்பாலும் இந்தச் சுழலில்தான்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றி வடிந்த உடனே ஒரு தடவை, நன்றாகக் காய்ந்தபின் ஒரு தடவை தூக்கிப் பழகினால் கைக்கு எடை தெரிந்துவிடும். என் செடிக்குக் கோடையில் தினமும் ஊற்றினேன். ஜனவரியில் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை போதுமாக இருந்தது. குளிர்காலத்தில் கறிவேப்பிலை பாதித் தூக்கத்துக்குப் போகும், பழைய இலைகளை உதிர்க்கவும் செய்யும். கொம்பில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

இப்போது, இலையைப் படிப்பது எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன், ஊதா நிற விளக்கு வைத்திருப்பவர்கள் முதலில் அதை அணையுங்கள். சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த அந்த வெளிச்சத்தில் பச்சை இலை கறுப்பாகத் தெரியும், மஞ்சள் இலை தெரியவே தெரியாது. நோய் முற்றிய பிறகுதான் கண்ணில் படும். இந்த ஒரே காரணத்துக்காகவே வெள்ளை விளக்கு வாங்கச் சொல்வேன். ஊதா விளக்கில் எடுத்த படத்தை யாருக்கு அனுப்பியும் பிரயோசனமில்லை.

விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில், மஞ்சள் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். அடியிலா, நுனியிலா? மற்ற எல்லாக் கேள்வியும் இதற்குப் பிறகுதான்.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம் இவையெல்லாம் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் தாய் தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுப்பது போல, அடியிலை தன்னிடம் இருப்பதைக் கொழுந்துக்கு அனுப்பிவிட்டுத் தான் மஞ்சளாகும். ஆகவே அடியிலிருந்து மஞ்சள் ஏறினால் இந்த வரிசை. இலை முழுக்க வெளுத்தால் தழைச்சத்து. நரம்பு பச்சையாக இருந்து இடைவெளி வெளுத்தால் மெக்னீசியம். இரும்பும் கால்சியமும் அப்படி அல்ல. போய் உட்கார்ந்த இலையிலேயே உட்கார்ந்திருக்கும். கிடைக்காதபோது கஷ்டப்படுவது கொழுந்துதான். என் செடியின் மஞ்சள் நுனியில் இருந்தது. எப்சம் உப்பு ஊற்றுவதற்கு முன் இதை நான் தெரிந்துகொண்டிருந்தால், மெக்னீசியம் என்ற பேச்சே எழுந்திருக்காது.

ஆனால் இலை சத்துக் குறையைக் காட்டினால் மண்ணில் சத்துக் குறைவு என்று அர்த்தமில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். சத்து இருக்கும், வேர் எடுக்காது. வேர் ஏன் எடுக்கவில்லை? குளிரா, அழுகலா, மண்ணின் கார அமிலத் தன்மையா? மெல்ல தொட்டியைக் கவிழ்த்து வேர்க் கட்டியை உருவிப் பாருங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் நலம். பழுப்பாக, கொழகொழவென்று, சாக்கடை வாடையோடு இருந்தால் அழுகல். அழுகலுக்கு உரம் விஷம். அழுகினதைக் கத்தரித்துவிட்டு பெர்லைட் கூடுதலாகக் கலந்த மண்ணுக்கு மாற்றுங்கள்.

வேரும் நன்றாக இருக்கிறது, மண்ணும் வெதுவெதுப்பாக இருக்கிறது, ஆனாலும் நுனி மஞ்சள் என்றால் தண்ணீரைச் சந்தேகிக்கலாம். இங்கே குழாயில் வருவது ஒன்டாரியோ ஏரித் தண்ணீர், ஓரளவு கடினத் தண்ணீர். மாதக்கணக்கில் அதையே ஊற்றினால் தொட்டி மண் காரத்தன்மைக்கு நகரும். அதற்கு, செடி எடுத்துக்கொள்ளும் வடிவில் உள்ள கீலேட் இரும்பு கடையில் கிடைக்கிறது. அமில மண் விரும்பும் செடிகளுக்கான உரமும் உண்டு. மோரின் வேலையை இவை நாற்றமில்லாமல் செய்யும். சில வீடுகளில் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் இருக்கும். அதிலிருந்து வரும் தண்ணீரில் சோடியம் கூடுதல். அதைச் செடிக்கு ஊற்றவே கூடாது.

அடுத்து ஒளி. கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. இதில் மட்டும் கண்ணை நம்பாமல் அளந்துவிடுங்கள். கணக்கு இது. வெள்ளை எல்.இ.டி.க்குக் கீழே கைபேசி காட்டும் லக்ஸை ஏறக்குறைய 67ஆல் வகுத்தால், செடிக்குப் பயன்படும் ஒளி மைக்ரோமோலில் கிடைக்கும். என் விளக்கு ஒரு அடித் தூரத்தில் 15,000 லக்ஸ் காட்டியது. வகுத்தால் 220 சொச்சம். பதினான்கு மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 11 மோல் ஒளி. ஊர் வெட்டவெளியில் நல்ல வெயில் நாளில் 40 மோலும் அதற்கு மேலும் கிடைக்கும். ஆனால் வீட்டுக்குள் குளிர்காலத்தைத் தாண்ட, துளசி, புதினா, கறிவேப்பிலைக்கு இந்தப் பத்து பன்னிரண்டு மோல் போதும். கைபேசி அளவை கொஞ்சம் முன்பின் இருக்கும். பரவாயில்லை, ஊகத்தைவிட மேல்.

விளக்கை இரண்டடிக்கு உயர்த்தியபோது 15,000 என்பது 6,000 ஆனது. ஒரு அடி வித்தியாசத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒளி போதாத செடியைக் கண்டுபிடிப்பது சுலபம். கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், தண்டு மெலிந்து விளக்கைத் தேடிச் சாயும், இலை சிறுக்கும். கீரை விதைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். முளைத்த நான்காம் நாளே நூல்போல நீண்டு படுத்துவிடும். முளை தலைகாட்டிய அன்றே விளக்கை இறக்குங்கள்.

ஒளி கூடிப்போனால் அடையாளம் வேறு. விளக்குக்கு நேர் கீழே, மிக அருகில் இருக்கும் இலைகள் மட்டும் வெளுக்கும், சில சமயம் காகிதம்போல வெள்ளையாகவே ஆகிவிடும். ஓரம் மேல்நோக்கி மடியும். ஓரத்துக் கிளையின் இலைகள் அதே உயரத்தில் இருந்தாலும் பச்சையாகவே இருக்கும். இரும்புக் குறையையும் இதையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். நுனி என்றாலே இரும்பு என்று முடிவு கட்டாமல், விளக்கின் நடுவுக்கு நேரே மட்டும் வெளுத்திருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். 'இது எல்.இ.டி., சூடே இல்லை, ஒட்டியே வைக்கலாம்' என்று வைத்து எரித்தவர்களை எனக்குத் தெரியும். சூடு இல்லாமலும் ஒளி எரிக்கும்.

நேரமும் ஒரு விஷயம். இருபத்து நான்கு மணி நேரமும் விளக்கு போட்டால் வேகமாக வளரும் என்று நினைக்க வேண்டாம். இருட்டும் செடிக்கு வேண்டும். கொத்தமல்லிக்குப் பகல் நீண்டால் பூக்கும் காலம் வந்துவிட்டது என்று தோன்றிவிடும். பதினாறு மணி நேரம் விளக்கு வைத்தேன், தழை வருமுன்னே தண்டு நீட்டிப் பூத்துவிட்டது. பதினொரு மணி நேரமாகக் குறைத்து, அறையில் இருப்பதிலேயே குளிர்ந்த மூலைக்கு மாற்றியபின் ரசத்துக்குக் கிள்ளிப் போடும் அளவுக்குத் தழைத்தது. கறிவேப்பிலைக்கு வெதுவெதுப்பு, கொத்தமல்லிக்குக் குளிர்ச்சி. இரண்டையும் ஒரே விளக்கடியில் வைத்து ஒரே மாதிரி நடத்தினால் ஒன்று கெடும். வெந்தயக் கீரை மட்டும் எந்த மூலையிலும் குறை சொல்லாமல் வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

பிப்ரவரியில் இன்னொரு சோதனை வந்தது. இலைமேல் ஊசியால் குத்தியது போல வெளிர்ப் புள்ளிகள். முன்பிருந்த நானாக இருந்தால் மறுபடி உரத்தை எடுத்திருப்பேன். இந்தத் தடவை ஒரு வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்து, கொத்தை இரண்டு தட்டு தட்டினேன். தாளில் மிளகாய்ப்பொடி சிதறியது போலத் துகள்கள் விழுந்தன. அரை நிமிடம் பார்த்தேன். துகள்கள் நகர்ந்தன. சிலந்திப் பேன்.

அரை மில்லிமீட்டர்கூட இராத, எட்டுக் கால் உயிர். வறண்ட சூடு அதற்குச் சொர்க்கம். கனடா வீடுகளில் ஹீட்டர் ஓடும் காலத்தில் காற்றின் ஈரப்பதம் 25 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஊரில் கடலோரத்தில் காற்று இதைவிட எவ்வளவோ ஈரமாக இருக்கும். வெளியே என்றால் மழை கழுவும், காற்று உதறும், பேனைத் தின்னும் பூச்சிகள் இருக்கும். உள்ளே எதுவும் இல்லை. சூடான காற்றில் முட்டையிலிருந்து முழுப் பேனாக ஒரே வாரம்தான். வலை கண்ணுக்குத் தெரியும்போது ஆயிரக்கணக்கில் ஆகியிருக்கும்.

தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டி, செடியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், ஷவரில் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவினேன். பிறகு செடிகளுக்கென்றே விற்கிற பூச்சிக்கொல்லிச் சோப்புக் கரைசலை அடிப்பக்கம் முழுக்க நனையத் தெளித்தேன். சோப்பு உயிரோடு இருக்கும் பேனைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. ஆகவே ஐந்து நாளுக்கொரு முறை, மூன்று தடவை செய்தாக வேண்டும். ஒரு தடவையோடு விட்டவர்களுக்கு மறுபடி வரும். சாப்பிடுகிற இலை என்பதை மறக்க வேண்டாம், பறித்ததும் நன்றாக அலசுங்கள். விளக்கு எரியும்போது தெளிக்காதீர்கள், இலை தீயும்.

மோரினால் வந்த கறுப்புப் பூச்சிக்கு வைத்தியம் எளிது. மேல்மண் இரண்டு அங்குலம் காயும்வரை தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் பாதி போய்விடும். கொசுப் புழுவைக் கொல்ல விற்கிற பி.டி.ஐ. பாக்டீரியாவைத் தண்ணீரில் ஊறவைத்து ஊற்றினால் மீதியும் போகும். மஞ்சள் ஒட்டு அட்டை பறப்பதை மட்டும் பிடிக்கும், மண்ணுக்குள் இருக்கும் புழுவைப் பிடிக்காது. இலை பிசுபிசுத்தால் மட்டும் தண்டைக் கவனியுங்கள். பழுப்பு மச்சம்போல ஒட்டியிருப்பது செதில் பூச்சி. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுக்கலாம்.

அதற்குப் பிறகு ஒரு சின்ன மேசை விசிறி வாங்கினேன். இலை லேசாக ஆடும் அளவுக்கு, நேராக அடிக்காமல், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். விளக்குக்கு அடுத்தபடியாக நான் செலவழித்ததில் மிக உபயோகமான பொருள் அதுதான். இலை வியர்க்கிறது, மேல்மண் காய்கிறது, தண்டு தடிக்கிறது. கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைத்தால் ஈரப்பதம் கூடும் என்பார்கள். அளந்து பார்த்தேன், இரண்டு சதவீதம்கூட ஏறவில்லை. செடிகளை நெருக்கி வைத்து, பக்கத்தில் ஈரப்பதக் கருவி ஒன்று ஓடவிட்டபோது 45க்கு வந்தது.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நான் உரமும் உப்பும் மோரும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றியதால், நுனி கருகியது எதனால் என்று கண்டுபிடிக்கவே மூன்று வாரம் ஆனது. இப்போது விளக்குக்குப் பக்கத்தில் ஒரு தினசரிக் காலண்டர் மாட்டியிருக்கிறேன். தண்ணீர் ஊற்றிய நாள், மண்ணின் சூடு, விளக்கின் உயரம் மூன்றையும் கிழிக்கும் தாளிலேயே எழுதி, தாளைக் கிழிக்காமல் புரட்டி வைக்கிறேன். ஒரு மாற்றம் செய்தால் இரண்டு வாரம் பொறுக்கிறேன். செடி அதற்கு முன் பதில் சொல்லாது.

மார்ச் கடைசியில் அக்கா ஒருநாள் கீழே வந்து, தொட்டியின் அடியில் மறுபடி கை வைத்துப் பார்த்தார். "இப்ப சரி" என்று சொல்லிவிட்டு இரண்டு ஈர்க்கு பறித்துக்கொண்டு போனார். அன்று அவர் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

கடைசியாக, இந்த வருஷம் முதல்முறையாக விளக்கடியில் செடி வளர்த்தவர்களுக்கு. ஏப்ரலில் நல்ல வெயில் அடிக்கும் ஒரு நாளில் செடியைத் தூக்கி வெளியே வைக்கத் தோன்றும். தயவுசெய்து வைக்காதீர்கள். நம் விளக்கில் அது பார்த்தது 220 மைக்ரோமோல். வெளியே நடுப்பகல் வெயில் 2,000. மே மாதம் விக்டோரியா நாள் விடுமுறை தாண்டட்டும், இரவுக் குளிர் பத்து டிகிரிக்கு மேல் நிற்கட்டும். முதல் வாரம் முழு நிழல், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும், அதற்கப்புறம்தான் வெட்டவெளி. போன வருஷம் நான் அப்படித்தான் எடுத்தேன், ஒரு இலைகூடக் கருகவில்லை.